தராசு பிடித்த கையை விலக்குவது யார்?

மேடைதோறும் கண்ணகியின் சிலம்பு ஒலிக்கிறது. பட்டிமன்றத்திலே ஒலிக்கிறது, பள்ளி ஆண்டுவிழா நாடகத்திலே ஒலிக்கிறது, மாநாட்டுப் பந்தலிலே ஒலிக்கிறது. கலைந்த கூந்தலும் கண்ணீர் வழியும் முகமுமாக, கையிலே ஒற்றைச் சிலம்பேந்தி, கொலுமண்டபத்திலே நின்று அவள் கேட்கும் கேள்வியைக் கேட்டு நாம் கைதட்டுகிறோம். கேள்விக்கு விடை கூற இயலாமல் காவலன் அரியணையினின்று சாய்கிறான், மீண்டும் கைதட்டுகிறோம். தவறிழைத்த நீதிபதி தன் உயிரையே தந்தான், இதுவன்றோ தமிழன் கண்ட நீதி, தரணிக்கே இது வழிகாட்டி என்று முழங்குகிறோம். முழங்கிய பின் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

போற்றுவதைக் குறை கூறவில்லை, தோழர்களே! போற்றியதோடு நின்றுவிட்டால் காப்பியம் கோயிற்சிலை ஆகிவிடும். நாம் சிலைக்கு முன் கைகூப்பிப் பழகியவர்களல்லர். ஏட்டைப் புரட்டி ஏன் என்று கேட்டுப் பழகியவர்கள். ஆகவே வழக்குரை காதையை ஒருமுறை, கைதட்டாமல், வழக்கறிஞர் ஆவணத்தைப் படிப்பதுபோலப் படித்துப் பார்ப்போம்.

முதலில் அடிகளின் ஏற்றத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். வாயிற்காவலன் வழிவிடுகிறான், வேந்தன் கேட்கிறான், வழக்கிடுபவள் தன் பெயரும் ஊரும் கூறித் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கிறாள். அந்த வழக்கு எதனால் முடிகிறது? வானத்துக் குரலாலா? தீமிதியாலா? சாதிப் பெரியோர் சாட்சியத்தாலா? இல்லை! அரசியின் சிலம்பிலே முத்து, கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கம். உடைத்துப் பார், உண்மை தெரியும் என்ற சான்றால் முடிகிறது. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னர், எளியவள் ஒருத்தி எடுத்து வைத்த தடயத்தின் முன் முடியரசு தலைகுனிந்தது என்று பாடத் துணிந்த புலவனை நாம் போற்றாமல் வேறு யார் போற்றுவது?

ஆனால், சிலம்பை உடைத்துப் பார்த்தது எப்போது? கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த பிறகு! தீர்ப்பு முந்திற்று, விசாரணை பிந்திற்று. ஊடிய அரசியைத் தேற்ற அந்தப்புரம் நோக்கி விரைந்து கொண்டிருந்தவன் பாண்டியன். வழியிலே பொற்கொல்லன் வந்து கள்வன் அகப்பட்டான் என்கிறான். சிலம்பு அவனிடம் இருந்தால் ஆளை முடித்துப் பொருளைக் கொணருமாறு காவலருக்குக் கட்டளை பிறக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இல்லை. காவலருக்கே ஐயம் எழுகிறது, இவன் முகத்திலே களவின் குறி இல்லையே என்று. அவர்களுடைய ஐயத்தையும் பொற்கொல்லனே பேசிப் பேசி அடக்குகிறான். குற்றஞ்சாட்டுபவன் அவனே, சாட்சி அவனே, கள்வர் இயல்பை விளக்கும் அறிஞனும் அவனே! அவன் சொல்லைத் தீர்ப்பாக்கிய மன்னனோ சட்டம், நீதிபதி, தண்டனை நிறைவேற்றும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருங்கே திரண்ட ஓருருவம்.

இந்தப் பகுதியை நான் வகுப்பிலே நடத்தியபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “அரசன் சாகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஐயா?” என்று கேட்டான். சிரித்தவர்கள் சிலர். சிரிப்பதற்கு அதிலே என்ன இருக்கிறது? காப்பியத் திறனாய்வு நூல்கள் பலவும் கேட்க மறந்த கேள்வியன்றோ அது!

ஆம், பாண்டியன் நாணமுள்ளவன், ஆகையால் மாண்டான். நாணமற்ற ஒருவன் அந்த அரியணையிலே இருந்திருந்தால்? சிலம்பு பொய், அரண்மனைச் சிலம்பிலும் மாணிக்கமே இருந்தது என்று சாதித்திருந்தால்? அவையோர் ஆமாம் போட்டிருந்தால்? கண்ணகி எங்கே செல்வாள்? மேல்முறையீட்டு மன்றம் ஏது? தவறிழைத்த நீதிபதியைப் பீடத்தினின்று இறக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? ஒருவரிடமும் இல்லை. நீதிபதியை நீக்கும் உரிமை, அந்த நீதிபதியின் நெஞ்சு ஒன்றிடமே இருந்தது.

முறை இல்லாத இடத்திலே முடிவு எப்படி அமையும் என்பதையும் காப்பியமே காட்டுகிறது. மதுரை எரிகிறது. எரிகின்ற நெருப்புக்கும் ஒரு பட்டியல் தரப்படுகிறது. அந்தணரும் பசுவும் முதலாகச் சிலர் விலக்கப்படுகின்றனர். அந்தப் பட்டியலின் வருண வாடையை நாம் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். நாம் அவ்வளவாகப் பேசாத இன்னொன்றும் உண்டு. பாண்டியனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த வெற்றிவேற்செழியன், பத்தினியின் சினந்தணிக்க ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டானாம்! பொய்யுரைத்தவன் ஒரு பொற்கொல்லன், தலையிழந்தோர் ஆயிரவர். விசாரணையின்றிக் கொல்லப்பட்ட ஒருவனுக்காக, விசாரணையின்றி ஆயிரவர்! முதற் பிழையைத் திருத்த வந்தது முன்னதைவிட ஆயிரமடங்கு பெரிய பிழை. மன்னனின் மனச்சான்றை மட்டுமே நம்பிய நீதி, அவன் நாணும்போது ஓர் உயிரையும், அவன் பக்தி கொள்ளும்போது ஆயிரம் உயிரையும் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மனுநீதிச் சோழனின் கதையும் இத்தகையதே. ஆராய்ச்சி மணியின் நாவை ஒரு பசு அசைத்தது. தேரோட்டிய மகனைத் தந்தையே தேர்க்காலில் இட்டான். இடையிலே, அந்தக் கட்டளையை நிறைவேற்ற மனமின்றி அமைச்சன் ஒருவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். தற்செயலாக நேர்ந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்று வேறுபடுத்திக் காணாத தண்டனை அது. இறுதியிலே இறைவன் தோன்றி எல்லோரையும் எழுப்பித் தரவேண்டியிருந்தது! சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே அந்த மன்னனுக்குச் சிலை நிற்கிறது. நிற்கட்டும். ஆனால், அந்த வளாகத்துக்குள் வழக்கோடு நுழையும் ஏழை, இறைவன் தோன்றி எழுப்பித் தருவான் என்று நம்பி நுழையவில்லை. எழுதப்பட்ட சட்டத்தை நம்பி நுழைகிறான்.

இலக்கியம் நமக்கு நல்ல நீதிபதியைக் காட்டிற்று. கெட்ட நீதிபதியை என்ன செய்வது என்று காட்டவில்லை. நல்ல நீதிபதியைக் கெட்ட ஆட்சியிடமிருந்து காப்பது எப்படி என்றும் காட்டவில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடியவர்கள் புலவர்களல்லர். அரசர்களோடு மோதிய மக்கள்.

இங்கிலாந்தைப் பாருங்கள். முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலம். தனது உரிமை சம்பந்தப்பட்ட வழக்கிலே, தன்னைக் கலந்து பேசும்வரை தீர்ப்பளிக்கலாகாது என்று நீதிபதிகளுக்கு ஆணையிட்டான். மற்ற நீதிபதிகள் பணிந்தனர். தலைமை நீதிபதி எட்வர்டு கோக் மட்டும், அப்படியொரு நிலை வந்தால் ஒரு நீதிபதிக்குத் தகுந்தது எதுவோ அதைச் செய்வேன் என்றார். 1616-ஆம் ஆண்டு கோக் பதவியினின்று தூக்கியெறியப்பட்டார். தூக்கியெறிய மன்னனுக்கு எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. விருப்பம் ஒன்றே போதுமாயிருந்தது. மன்னன் விரும்பும்வரை பதவி என்பதே அந்நாளைய நீதிபதிகளின் நிலை.

அந்த நிலையை மாற்ற ஆங்கிலேயருக்கு ஓர் உள்நாட்டுப் போரும், ஒரு மன்னனின் தலையும், இன்னொரு மன்னனின் ஓட்டமும் தேவைப்பட்டன. 1701-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலே எழுதினார்கள்: நன்னடத்தை உள்ளவரை நீதிபதிக்குப் பதவி உண்டு, பாராளுமன்றத்தின் இரு அவைகளும் வேண்டுகோள் விடுத்தால் மட்டுமே நீக்கலாம். ஒரு மனிதனின் விருப்பத்திலிருந்து இரு அவைகளின் தீர்மானத்துக்கு அதிகாரம் நகர்ந்தது. அந்த அதிகாரத்தை அவர்கள் எவ்வளவு அருமையாகக் கையாண்டார்கள் தெரியுமா? அந்த முறைப்படி நீக்கப்பட்டவர் ஒரே ஒருவர்: 1830-ஆம் ஆண்டு, நீதிமன்றத்தில் கட்டப்பட்ட பணத்தைக் கையாடிய அயர்லாந்து நீதிபதி ஜோனா பாரிங்டன்.

தாய்நாட்டிலே தந்த அந்தப் பாதுகாப்பைக் குடியேற்ற நாடுகளுக்கு இங்கிலாந்து தரவில்லை. நீதிபதிகளின் பதவியையும் ஊதியத்தையும் மன்னன் தன் விருப்பத்தோடு கட்டிப் போட்டிருக்கிறான் என்பது, 1776-இல் அமெரிக்கர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தின் குற்றப் பட்டியலிலே ஒன்று. விடுதலை பெற்ற பிறகு அவர்களுக்கே சோதனை வந்தது. உச்சநீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் அரசியல் வெறி பிடித்தவர் என்று ஜெபர்சன் கட்சியினர் குமுறினர். 1804-இல் கீழவை குற்றஞ்சாட்டியது. விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டிய செனட்டிலே மொத்தம் 34 பேர். அவர்களிலே 25 பேர் ஜெபர்சன் கட்சியினர். தேவைப்பட்டதோ 23 வாக்கு. முடிந்தது கதை என்றுதானே எண்ணத் தோன்றும்? முடியவில்லை! எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19 வாக்குக்கு மேல் கிடைக்கவில்லை. 1805-இல் சேஸ் விடுவிக்கப்பட்டார். கட்சிக்காரர்களிலே சிலர், ஒரு நீதிபதியின் கருத்து பிடிக்கவில்லை என்பது அவரை நீக்கக் காரணமாகாது என்று உணர்ந்து, கட்சிக்கு எதிராகக் கை தூக்கினர். அந்தச் சிலரின் கைதான் அமெரிக்க நீதித்துறையைக் காத்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம்.

இந்திய அரசியல் சட்டத்தின் 124-ஆம் பிரிவு கூறுவது தெளிவு. மெய்ப்பிக்கப்பட்ட தீய நடத்தை, அல்லது இயலாமை: இந்த இரண்டே காரணங்கள். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். 1968-ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டம் மேலும் ஒரு வேலி போட்டது. மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும். அவைத்தலைவர் ஏற்றால் உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட அறிஞர் ஒருவர் என மூவர் குழு விசாரிக்க வேண்டும். குற்றம் உண்டு என்று அந்தக் குழு கூறினால்தான் அவை வாக்கெடுக்கலாம். ஏட்டளவிலே குறை கூற முடியாத ஏற்பாடு!

ஏட்டிலிருந்து நாட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? 1991-ஆம் ஆண்டு, உச்சநீதிமன்ற நீதிபதி வி. இராமசாமி மீது மக்களவையில் 108 பேர் கையெழுத்திட்டனர். பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது உறைவிடத்துக்குத் தளவாடங்கள் வாங்கியது முதலானவற்றில் பொதுப்பணத்தை முறைகேடாகச் செலவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அவைத்தலைவர் ரபிராய் ஏற்றார், அவை கலைந்தது, அவை கலைந்தாலும் தீர்மானம் சாகாது என்று உச்சநீதிமன்றம் கூறிற்று, மூவர் குழு விசாரித்தது, 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டதாகக் கண்டது. 1993 மே திங்களில் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. நீதிபதிக்காக வழக்கறிஞர் கபில் சிபல் அவையின் வாயிலில் நின்று பலமணி நேரம் வாதாடினார். பின்பு வாக்கெடுப்பு. நீக்குக என்றோர் 196 பேர். நீக்காதே என்றோர்? ஒருவர்கூட இல்லை! அப்படியானால் நீக்கம் நிறைவேறியிருக்க வேண்டுமே? 205 பேர் வாக்களிக்காமல் அமர்ந்திருந்தனர். அவர்கள் ஆளுங்கட்சியினரும் அதன் தோழமைக் கட்சியினரும். மொத்த உறுப்பினரில் பாதி என்ற எல்லையைத் தீர்மானம் எட்டவில்லை, வீழ்ந்தது. அந்த நீதிபதி 1994-இல் ஓய்வு பெறும் நாளில் ஓய்வு பெற்றார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவர் குற்றமற்றவர் என்று அந்த 205 பேர் கருதியிருந்தால், எழுந்து நின்று எதிர்த்து வாக்களித்திருக்கலாம், காரணத்தைக் கூறியிருக்கலாம். குற்றவாளி என்று கருதியிருந்தால் ஆதரித்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. நீதிபதியை விசாரிக்க அமர்ந்தவர்கள் தீர்ப்பெழுத மறுத்தார்கள். எந்த வழக்கிலாவது ஒரு நீதிபதி, குற்றவாளி என்றும் கூறமாட்டேன், குற்றமற்றவன் என்றும் கூறமாட்டேன் என்று எழுந்து போனால் நாடு பொறுக்குமா?

அந்நாளிலே இன்னொரு குரலும் எழுந்தது: தென்னாட்டு நீதிபதியை வடநாட்டார் வேட்டையாடுகிறார்கள் என்று. இந்தக் குரல் நம் காதுக்கு இனிக்கும். ஆகவேதான் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். வடக்கின் ஆதிக்கத்தை நாம் எதிர்ப்பது, தெற்கிலே பிறந்தவருக்குக் கணக்குக் கேட்கப்படாத உரிமை வேண்டும் என்பதற்காகவா? பிறப்பினால் உயர்வில்லை என்று முழங்கிய நாவால், பிறந்த ஊரினால் குற்றம் கழுவப்படும் என்று கூறலாமா? தென்னாட்டவர் என்பதற்காக ஒருவர் மீது பொய்க்குற்றம் சாட்டப்பட்டால், சான்றைக் கேட்டு அதை உடைப்போம். சான்று நின்றால், ஊரைச் சொல்லி அதை மறைக்கமாட்டோம்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தைக் காணப் பாக்கு நீரிணையைக் கடந்தாலே போதும்.

இலங்கையின் 1978-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 107-ஆம் உறுப்புரையும் ஏறக்குறைய இதே சொற்களையே பேசுகிறது: மெய்ப்பிக்கப்பட்ட தீய நடத்தை, இயலாமை. ஆனால், மெய்ப்பிப்பது யார்? 1984-ஆம் ஆண்டு, பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் ஒரு விழாவிலே ஆட்சியைக் கண்டித்து உரையாற்றினார் என்பதற்காக அவர்மீது நடவடிக்கை தொடங்கியபோது, ஆட்சியினர் பாராளுமன்ற நிலையியற் கட்டளையிலே 78அ என்று ஒன்றைச் சேர்த்தனர். அதன்படி விசாரிப்பது நீதிபதிகள் குழுவன்று. சபாநாயகர் நியமிக்கும் பாராளுமன்ற உறுப்பினர் குழு. நாட்டின் சட்டமாக அது இயற்றப்படவும் இல்லை. அவையின் உள்விதி, அவ்வளவே. தீர்மானம் நிறைவேற மூன்றில் இரு பங்கு வேண்டியதில்லை. மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். அதாவது, ஆளுங்கட்சி எதுவாயினும், தன் கையிலே எப்போதும் உள்ள எண்ணிக்கை!

28 ஆண்டுகள் அந்த வாள் உறையிலே கிடந்தது. 2012-ஆம் ஆண்டு உருவப்பட்டது. ‘திவிநெகும’ என்ற மசோதாவை ஆட்சி கொண்டுவந்தது. மாகாணங்களுக்குரிய அதிகாரங்கள் பலவற்றை நடுவண் திணைக்களம் ஒன்றுக்குள் இழுத்துக் கொள்ளும் மசோதா அது. மாகாண சபைகளின் கருத்தைக் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்று, பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க தலைமையிலான ஆயம் கூறிற்று. வட மாகாணத்துக்கோ அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே இல்லை. முதல் தேர்தல் நடந்ததே 2013 செப்டம்பரில்தான். சபை இல்லாவிட்டால் என்ன, ஆளுநர் இசைவு தந்தால் போதாதா என்றனர். சனாதிபதி நியமித்த ஆளுநரின் இசைவு, மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையின் இசைவாகாது என்று மன்றம் மறுத்தது. வாக்குரிமை கிடைக்காதிருந்த வடபுலத் தமிழனின் குரல், அவனுடைய சபைக்கும் முன்பாக, ஒரு தீர்ப்பிலே ஒலித்தது!

அந்த நாட்களிலேயே, 2012 நவம்பரில், 117 உறுப்பினர் கையெழுத்திட்ட 14 குற்றச்சாட்டுகள் பிரதம நீதியரசர் மீது பாய்ந்தன. பெற்றுக்கொண்ட சபாநாயகர் சமல் ராஜபக்ச, சனாதிபதி மகிந்த ராஜபக்சவின் தமையனார். 11 பேர் கொண்ட தெரிவுக்குழு. ஆளுந்தரப்பினர் 7, எதிர்த்தரப்பினர் 4. நேர்மையான விசாரணை கிடைக்காது என்று கூறி, டிசம்பர் 6-ஆம் நாள் பிரதம நீதியரசர் வெளியேறினார். மறுநாள் எதிர்த்தரப்பு உறுப்பினர் நால்வரும் வெளியேறினர். அவர்களிலே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனும் ஒருவர். அதற்கும் மறுநாள், 8-ஆம் நாள், எஞ்சிய எழுவரின் அறிக்கை வந்துவிட்டது: மூன்று குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டனவாம்! பொற்கொல்லன் சொல்லுக்கும் கோவலன் கொலைக்கும் இடையே சென்ற நேரத்தைவிட இது சற்றுக் கூடுதல், அவ்வளவே.

உள்விதியைக் கொண்டு ஒரு நீதிபதியின் குற்றத்தை மெய்ப்பிக்க முடியாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று 2013 சனவரித் தொடக்கத்தில் உச்சநீதிமன்றம் விளக்கமளித்தது. 7-ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை நீக்கறவு செய்தது. பாராளுமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 11-ஆம் நாள் 155-க்கு 49 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறிற்று; 13-ஆம் நாள் நீக்க ஆணை; 15-ஆம் நாள் முன்னாள் சட்டமா அதிபர் மொகான் பீரிஸ் அந்தப் பீடத்திலே அமர்த்தப்பட்டார். 2014-இல் உச்சநீதிமன்றமே மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பைக் கவிழ்த்தது. 2015-இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு, நீக்கமே செல்லாது என்று அறிவித்து, சனவரி 28-ஆம் நாள் பண்டாரநாயக்கவைத் திரும்ப அமர்த்திற்று. மறுநாள் அவர் ஓய்வு பெற்றார். 30-ஆம் நாள் தமிழரான க. சிறிபவன் பிரதம நீதியரசரானார்.

இந்த வரலாற்றைக் கேட்டு அவரைப் புதிய கண்ணகியாக்கிச் சிலை வடிக்க வேண்டியதில்லை. சனாதிபதி இருமுறைக்கு மேல் போட்டியிடக் கூடாதென்ற தடையை அகற்றிய 18-ஆவது திருத்தத்துக்கு, 2010-ஆம் ஆண்டு வழிவிட்ட ஆயத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் மீது கேள்வி கேட்கவே கூடாது என்று நான் கூறவில்லை. கேட்டவர், விசாரித்தவர், தீர்த்தவர் மூவரும் ஒருவராக இருந்தனர் என்பதே என் குற்றச்சாட்டு. அவர் குற்றமற்றவராக இருந்தாலும், குற்றமுள்ளவராக இருந்தாலும் அந்த விசாரணையிலே உண்மை வெளிவந்திருக்காது. இன்னொரு வேடிக்கை: அதே நாட்டிலே காவல்துறைத் தலைவரை நீக்கவேண்டுமானால், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உச்சநீதிமன்ற நீதியரசர் ஒருவரைக் கொண்ட குழு விசாரிக்க வேண்டும். காவலருக்கு நீதிபதியின் விசாரணை. நீதிபதிக்குக் கட்சிக்காரரின் விசாரணை!

தில்லியையும் கொழும்பையும் அருகருகே வையுங்கள். தில்லியிலே விசாரணை நேர்மையாக நடந்தது. முடிவு கோழைத்தனமாக முடிந்தது. கொழும்பிலே முடிவு விரைவாக வந்தது. விசாரணை பெயரளவுக்கே நடந்தது. குற்றம் கண்டவரை அங்கே விட்டார்கள். குற்றம் காணும் முன்பே இங்கே முடிவு கட்டினார்கள். பார்வைக்கு இரண்டும் நேரெதிர். வேர் ஒன்று: அந்தந்த ஆளுங்கட்சியின் வசதி.

அப்படியானால் அரசியல்வாதிகளே வேண்டாம், நீதிபதியை நீதிபதிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்பார் உளர். இனிப்பான யோசனை, ஆனால் ஏற்கத்தக்கதன்று. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. இந்திய உச்சநீதிமன்றம் 1999-இல் ஏற்றுக்கொண்ட உள்நிலை விசாரணை முறை இருக்கிறது. அதனால் எவரையும் நீக்க முடியாது. விலகுமாறு அறிவுரை கூறலாம், மேலே எழுதலாம். அத்தகைய விசாரணை அறிக்கையை மக்களுக்குக் காட்டவேண்டியதில்லை என்று 2003-இல் அந்த மன்றமே கூறிற்று. நியமனத்திலே வெளியாருக்கும் இடமளிக்க வந்த 99-ஆவது திருத்தத்தை, 2015-இல் ஐவரில் நால்வர் செல்லாதென்றனர். அந்தத் திருத்தத்திலே ஆட்சியின் கை நுழைய வழியிருந்தது என்ற அச்சம் நியாயமே. ஆனால், நியமிப்பவரும் நாமே, விசாரிப்பவரும் நாமே, அறிக்கையை மறைப்பவரும் நாமே என்று ஒரு குழு கூறுமானால், அதற்கு நம் நாட்டிலே பழைய பெயர் ஒன்று உண்டு: அக்கிரகாரம். சுதந்திரம் வேறு, தீண்டாமை வேறு! ஆட்சியாளர் தொடமுடியாத நீதிபதி வேண்டும். மக்களே கேள்வி கேட்க முடியாத நீதிபதி வேண்டாம்.

நீக்காமலே நீதிபதியைத் தண்டிக்கும் வித்தையையும் மறந்துவிடலாகாது. 1973-இல், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாதென்ற தீர்ப்பு வந்த மறுநாளே, மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலையிலே, விசாரணையின்றி அடைக்கப்பட்டவனுக்கும் நீதிமன்றக் கதவைத் தட்டும் உரிமை உண்டென்று 1976-இல் தன்னந்தனியாகத் தீர்ப்பெழுதிய எச்.ஆர். கன்னா, 1977-இல் தாண்டிச் செல்லப்பட்டார். பதவியைத் துறந்து வெளியேறினார். அவரை எவரும் நீக்கவில்லை, குற்றஞ்சாட்டவும் இல்லை. ஒரு நாற்காலியை மறுத்தனர். மற்ற நாற்காலிகளில் இருந்தோர்க்கு அது பாடமாயிற்று.

என்னதான் வேண்டும் என்கிறீர்களா? நான்கு வேண்டும்.

குற்றஞ்சாட்டும் உரிமை மக்கள் பிரதிநிதிகளிடம் இருக்கட்டும். பீடத்தில் இருப்பவர் எவராயினும் மக்கள் மன்றம் கேள்வி கேட்கலாம்.

விசாரிக்கும் கடமை, குற்றஞ்சாட்டியவர் கையிலும் இருக்கலாகாது. உடன் பணிபுரியும் நீதிபதிகளின் கையில் மட்டுமே இருக்கவும் ஆகாது. பிற நீதிமன்றங்களின் நீதிபதிகளும், சட்டமறிந்த, கட்சி சாராப் பொதுமக்களும் அமர்ந்த குழு, சட்டத்தில் வரையறுத்த கால எல்லைக்குள், குற்றஞ்சாட்டப்பட்டவரின் மறுப்பையும் கேட்டு, காரணத்தோடு எழுதவேண்டும். எழுதியது நாட்டுக்குத் தெரியவேண்டும்.

முடிவு கூறும் வாக்கு அவைக்கு இருக்கட்டும். ஆனால் அங்கே கட்சிக் கொறடாவின் சவுக்கு நுழையலாகாது. வந்திருந்து வாய்மூடி இருக்கும் வசதியும் கூடாது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒவ்வொருவரும் பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். ஜெபர்சனின் கட்சியிலே கிடைத்த சில நேரிய மனிதர் நம்மிடையே கிடைக்கமாட்டார்களா? சவுக்கை எடுத்துவிட்டுக் கேட்டால்தானே தெரியும்!

நான்காவது, காரணம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது ஒருபோதும் காரணமாகலாகாது. நமக்கு எதிராகத் தீர்ப்பளித்தவரைத் தாக்கிப் பேசலாம், எழுதலாம், அந்தத் தீர்ப்பைச் சட்டத்தால் மாற்றலாம். அவரைப் பீடத்தினின்று இழுக்கக் கை நீட்டலாகாது. இன்று நமக்காக நீளும் அந்தக் கை, நாளை ஆட்சி மாறினால் நமக்கு நியாயம் வழங்கிய நீதிபதியின் கழுத்தையும் பற்றும். வடபுலத்துக்கு நேர்ந்தது அதுதான்.

நீதிமன்றத்திலே யார் அமர்கிறார்கள், எந்தெந்தக் குடியினர் அமர்கிறார்கள், பெண்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்டு வருகிறோம், தொடர்ந்து கேட்போம். அமர்ந்தவரை அஞ்சாமல் தீர்ப்பெழுத விடுவது எப்படி, அவர் வழிதவறினால் அஞ்சாமல் இறக்குவது எப்படி என்பதும் அதே கேள்வியின் மறுபாதி. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருவன் நீதிபதியாகப் பீடமேறுகிறான் என்று வையுங்கள். ஆட்சியாளரின் கண்ணசைவுக்கு நடுங்கித்தான் அங்கே நீடிக்க முடியுமென்றால், அவன் பெற்றது பதவியா, பணியாள் உடையா?

இளைஞர்களே! உங்கள் தொகுதியிலே வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையைக் கேட்கிறீர்கள், குடிநீரைக் கேட்கிறீர்கள், கேட்க வேண்டியவையே. அவற்றோடு இதையும் கேளுங்கள்: ஒரு நீதிபதியின் வழக்கு உங்கள் அவைக்கு வந்தால், சான்றைப் படித்து வாக்களிப்பீரா, தலைவரின் முகத்தைப் பார்த்து வாக்களிப்பீரா? விடை கூறத் தயங்குபவரை நன்றாக அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வாக்களிக்காமல் அமர்ந்திருந்த 205 பேரையும், இரண்டே நாளில் அறிக்கை எழுதிய எழுவரையும் அவைக்கு அனுப்பி வைத்தவர்கள் வாக்காளர்களே. தராசு பிடித்த கையை விலக்கும் அதிகாரம், கடைசியிலே, வாக்குச்சீட்டுப் பிடித்த கையிலிருந்துதான் புறப்படுகிறது.